குழுவில் வருவது, மனதில் நிற்பது
வாசகர் கேள்வி பதில்: ஆசிரியர்களின் வாசிப்பு

கேள்வி: உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டிலுமாகப் பதினான்கு ஆசிரியர் குழுக்களில் இருக்கிறேன். நாள் முழுக்க எதையோ படித்துக்கொண்டே இருக்கிறேன். மாதக் கடைசியில் ஒரு புத்தகம்கூட முடிந்திருப்பதில்லை. எல்லாவற்றிலிருந்தும் வெளியேறிவிடலாமா?

பதில்: எல்லாவற்றையும் விட வேண்டாம். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று, எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க உதவும். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி வருவது மேலோட்டமான பழக்கம் உள்ளவர்கள் வழியாகத்தான் என்கிறார் அவர். உங்கள் பாட ஆசிரியர்களே நிறைந்த ஐந்து குழுக்கள் இருந்தால், ஒரே பிடிஎஃப் ஐந்து முறை வந்து சேரும். அவற்றில் ஒன்று போதும். வேறு பாட ஆசிரியர்கள் இருக்கும் குழு ஒன்று, ஆசிரியர் அல்லாத வாசகர்கள் (நூலகர், மொழிபெயர்ப்பாளர், பறவை பார்ப்பவர்) இருக்கும் குழு ஒன்று, ஆக மூன்று. பள்ளி அலுவல் குழுவை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மற்றவற்றை ஆர்க்கைவ் செய்துவிடுங்கள். புதுச் செய்தி வந்தாலும் அவை மேலே ஏறி வராதபடி வைக்க வாட்ஸ்அப் அமைப்புகளில் வழி இருக்கிறது. மூன்று குழுக்களையும் நாளுக்கு இரண்டு முறை, கால் மணி நேரம் வீதம் பாருங்கள். அந்த நேரத்தில் கட்டுரைகளைப் படிக்க உட்காராதீர்கள். பொறுக்கி எடுப்பது மட்டும்தான் வேலை. பிடித்த இணைப்பை உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். கூடவே 'எட்டாம் வகுப்பு ஒளி விலகலுக்கு' என்பதுபோல ஒரு வரி எழுதிவிடுங்கள். எதற்கென்று எழுதாத இணைப்பு பத்து நாளில் அந்நியமாகிவிடும். வார இறுதியில் அதிலிருந்து இரண்டைத் தேர்ந்து முழுமையாகப் படியுங்கள். இரண்டு வாரமாகத் தொடாததை அழித்துவிடலாம். நல்லதாக இருந்தால் அது மறுபடி யாராவது ஒருவர் கையால் வந்தே தீரும்.

கேள்வி: 'படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20, பார்ப்பதில் 30, செய்வதில் 90 சதவீதம் நினைவில் நிற்கும்' என்ற பிரமிடு படம் எல்லாக் குழுக்களிலும் வருகிறது. பயிற்சி வகுப்பில் அதைக் காட்டலாமா?

பதில்: காட்ட வேண்டாம். அந்த எண்களுக்கு அடிப்படை இல்லை. படத்தின் வடிவம் எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளருடையது. 1946-இல் வெளிவந்த நூலில் அவர் அதை 'அனுபவக் கூம்பு' என்று வரைந்தார். அதில் சதவீதம் எதுவும் கிடையாது. அந்தப் படத்தை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம் என்றும் அவர் எச்சரித்திருந்தார். எண்கள் பிறகு வேறு யாரோ ஒட்டியவை. பத்து, இருபது, முப்பது என்று இவ்வளவு உருண்டையாக எந்தச் சோதனையும் முடிவு தருவதில்லை என்பதே முதல் சந்தேகத்துக்குப் போதுமான காரணம்.

இத்தகைய படங்களைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். முதலில் படத்தில் பெயரும் ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்து, அது எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று தேடுங்கள். பெயர் கிடைத்ததும், ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அந்தப் பெயரையும் முக்கியச் சொல் ஒன்றையும் இடுங்கள். ஒவ்வொரு முடிவின் கீழும், அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளின் எண்ணிக்கை இருக்கும். அதைத் தட்டினால் மறுத்தவர்கள் யார் என்று தெரிந்துவிடும். பலர் விட்டுவிடும் படி இதுதான். மூலத்தைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். எதிர்வாதம் கண்ணில் படுவதே இல்லை. பணம் கட்டினால்தான் கட்டுரை திறக்கும் என்றிருந்தால் அதே இடத்தில் உள்ள 'எல்லாப் பதிப்புகளும்' இணைப்பைத் திறந்து பாருங்கள். பல்கலைக்கழகத் தளத்தில் இலவசப் பிரதி இருக்கக்கூடும்.

'இவன் கண்ணால் கற்பவன், அவன் காதால் கற்பவன்' என்ற கற்றல் பாணிக் கருத்தையும் இதே வழியில் சோதித்துப் பாருங்கள். ஹெரால்ட் பேஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008-இல் அதுவரையிலான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அந்தப் பாணிக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவு கூறினார்கள். குழுவில் மறுப்பு எழுதும்போது அனுப்பியவரைக் குறை சொல்லாமல் மூலத்தின் இணைப்பை மட்டும் வையுங்கள். கூச்சப்படுத்தப்பட்டவர் அடுத்த முறை நல்லதைக்கூடப் பகிர மாட்டார்.

கேள்வி: படித்ததெல்லாம் ஒரு வாரத்தில் மறந்துபோகிறது. கோடிட்டும் படிக்கிறேன், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைக்கிறேன்.

பதில்: கோடும் ஸ்கிரீன்ஷாட்டும் 'தெரிந்துகொண்டோம்' என்ற நிறைவைத் தருகின்றன, நினைவை அவை வேலை வாங்குவதில்லை. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், படித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

ஒரு அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஐந்து வரி எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதை வேறு நிற மையில் சேருங்கள். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் பழைய தாளைப் பார்க்காமல் மூன்று வரியாவது எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் சோர வேண்டாம். தடுமாறித் தேடும் அந்த நேரம்தான் பலன் தருகிறது. வாரம் ஒருமுறை அந்த வரிகளைக் குழுவில் ஒரு பத்தியாக இடுங்கள். அறியாத ஒருவருக்குச் சொல்லும்போது எங்கே புரியவில்லை என்பது பளிச்சென்று தெரியும்.

கேள்வி: இணையவழி வாசிப்பு வட்டம் தொடங்கினோம். முதல் வாரம் முப்பது பேர், மூன்றாம் வாரம் நான்கு பேர். எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் முதல் புத்தகத்தின் கனத்தில். முதலில் 120 பக்கத்துக்குள் உள்ள நூலை எடுங்கள். வாரம் 25 முதல் 30 பக்கம். பேசுவதற்கு ஒரு மணி நேரத்தைக் குறிக்காமல், சனி காலை முதல் ஞாயிறு இரவு வரை எழுத்தில் விவாதிக்கலாம் என்று வையுங்கள். விடைத்தாள் கட்டோடு இருப்பவரும் அதில் எப்போதாவது வந்து எழுத முடியும். குரல் பதிவுகள் இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் யாரும் கேட்பதில்லை.

ஒவ்வொரு வாரமும் வேறொருவர் இரண்டு கேள்விகள் போட வேண்டும். 'எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'அருமை' என்ற பதிலும் கட்டைவிரல் படமும்தான் வரும். 'பக்கம் 42-இல் உள்ள கருத்தை உங்கள் வகுப்பில் எங்கே பொருத்துவீர்கள்?' என்று கேட்டால் எழுதாமல் இருக்க முடியாது. படிக்காமல் போனவரும் வரலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். விலகுபவர்களில் பலர் ஆர்வம் குறைந்து போவதில்லை. ஒரு வாரம் பின்தங்கிய வெட்கத்தில்தான் போகிறார்கள்.

கேள்வி: மாணவரின் விடைத்தாளைப் படம் எடுத்துக் குழுவில் ஆலோசனை கேட்கலாமா?

பதில்: பெயர், எண், பள்ளி முத்திரை தெரியாமல் கேட்கலாம். கைபேசியின் ஹைலைட்டர் பேனாவால் பெயரைக் கிறுக்கி மறைக்காதீர்கள். அது முழுதாக மறைப்பதில்லை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரிந்துவிடலாம். அந்தப் பகுதியை வெட்டியே எடுத்துவிடுங்கள். இன்னும் நல்லது, மாணவர் எழுதிய தவறான வரியை மட்டும் உங்கள் கையால் எழுதி இடுவது. கூடவே வகுப்பு, பாடப் பகுதி, நீங்கள் ஏற்கெனவே முயன்ற விளக்கம், அதற்கு மாணவர் சொன்ன பதில் ஆகிய நான்கையும் சேருங்கள். 'பின்னம் புரியவில்லை, என்ன செய்ய?' என்ற கேள்விக்குப் பொதுவான அறிவுரைதான் கிடைக்கும். '1/3 + 1/4 = 2/7 என்று எழுதுகிறார், வட்டப் படம் போட்டுக் காட்டியும் மாறவில்லை' என்று எழுதினால், இதே இடத்தில் முட்டிய வேறொரு ஆசிரியர் தன் வழியைச் சொல்வார்.