ஐந்து பேர் அனுப்பினால் ஐந்து சாட்சியா?

கேள்வி: ஒன்பது இலக்கமும் 'வீ' எழுத்தும் கொண்ட பழைய அடையாள அட்டைகள் அடுத்த மாதத்தோடு செல்லாதாம். அதிவிசேட வர்த்தமானியின் படமே வட்ஸ்அப்பில் வந்திருக்கிறது, ஐந்து பேர் அனுப்பிவிட்டார்கள். 500 ரூபா கட்டி விண்ணப்பிக்க இணைப்பும் உண்டு. நம்பலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஐந்து பேரும் அனுப்பியது ஒரே படம். மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதே, குறைந்தது ஐந்து கை மாறி வந்ததற்கு அதுதான் அடையாளம். முதலில் அனுப்பியவர் யாரென்று அந்த ஐவரில் ஒருவருக்கும் தெரியாது.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். தலைப்பில் இலக்கம் 2096/70, திகதியோ இந்த மாதம். சாய்கோட்டுக்கு முன்னால் வரும் எண் வாரத்துக்கு ஒன்று கூடும். பின்னால் வருவது அந்த வாரத்து வரிசை எண். 2096 என்பது 2018 நவம்பரில் போய்விட்டது. அதிலும் 2096/70, நவம்பர் 9ஆம் திகதி நாடாளுமன்றத்தைக் கலைத்த வர்த்தமானி! தலையை அங்கிருந்து வெட்டி, கீழே வேறு உடலை ஒட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் பேர்போகாத இலக்கமாகத் தேடியிருக்கலாம்.

அசல் வேண்டுமானால் அரச அச்சகத் திணைக்களத்தின் 'டொக்கியுமன்ட்ஸ்.ஜீஓவீ.எல்கே' தளத்தில் திகதிவாரியாகத் தேடுங்கள். தமிழ்ப் பிரதி இன்னும் ஏறாவிட்டால் சிங்களப் பிரதியின் இலக்கத்தையும் திகதியையும் ஒத்துப் பாருங்கள். கிடைத்துவிட்டது என்று அத்தோடு நிற்கவும் வேண்டாம். 2096/70 அச்சகத்தில் அச்சான அசல்தான். அது அரசியலமைப்புக்கு முரண் என்று அதே ஆண்டு டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. பிறகு திருத்தமோ, இரத்தோ, தீர்ப்போ வந்ததா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

இணைப்பு: 'டீஆர்பி.ஜீஓவீ.எல்கே-அப்ளை.ஷொப்'. இணைய முகவரியை வலமிருந்து வாசியுங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன், கடைசியாக நிற்பது 'ஷொப்'. 'எல்கே-அப்ளை.ஷொப்' என்ற பெயரை எவரும் காசு கொடுத்து வாங்கலாம். முன்னால் 'ஜீஓவீ' என்று எழுதிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆட்பதிவுத் திணைக்களத்தின் முகவரி 'ஜீஓவீ.எல்கே' என்றே முடியும். முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், திருடன் வீட்டுக்கும் பூட்டு உண்டு.

வங்கி அட்டை இலக்கத்தை ஏற்கெனவே அங்கே கொடுத்திருந்தால், பத்திரிகையை மூடிவிட்டு, அட்டையின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து அட்டையை இப்போதே நிறுத்துங்கள்.