முன்கூட்டிய வரிக்கு வட்டி ஏன்?

கேள்வி: எனக்கு 52 வயது. சம்பளத்தோடு வீட்டு வாடகையும் வருகிறது. 2024-25 நிதியாண்டில் டி.டி.எஸ். (வருமானம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) போக ரூ.60,000 வருமான வரி பாக்கி இருந்தது. 2025 ஜூலை 20 அன்று மொத்தமாகச் செலுத்தச் சென்றபோது ரூ.5,430 கூடுதலாகக் காட்டியது. இது என்ன அபராதம்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பேச்சுவழக்கில் அபராதம் என்றாலும், சட்டப்படி இது வட்டிதான். டி.டி.எஸ். போக மீதி வரி ரூ.10,000 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஜூன் 15-க்குள் 15%, செப்டம்பர் 15-க்குள் 45%, டிசம்பர் 15-க்குள் 75%, மார்ச் 15-க்குள் முழுவதும் என முன்கூட்டிய வரியைச் செலுத்தியிருக்க வேண்டும்.

நீங்கள் எந்தத் தவணையையும் செலுத்தாததால், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 234சி பிரிவின்படி, முதல் மூன்று தவணைகளில் செலுத்தாமல் விட்ட ரூ.9,000, ரூ.27,000, ரூ.45,000 ஆகியவற்றுக்கு மாதம் 1% வீதம் மூன்று மாத வட்டியாக முறையே ரூ.270, ரூ.810, ரூ.1,350-உம், கடைசித் தவணைக்கு ஒரு மாத வட்டியாக ரூ.600-உம் சேர்ந்து ரூ.3,030 ஆகிறது. அந்தக் கணக்கு மார்ச்சோடு நின்றுவிடும். 90 விழுக்காடுகூடச் செலுத்தாதவர்களுக்கு ஏப்ரல் முதல் 234பி பிரிவு தொடங்குகிறது. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே கொள்ளப்படுவதால், ஜூலை 20 வரை நான்கு மாதங்களுக்கு ரூ.2,400. பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: ஜூன் 30-லேயே செலுத்தியிருந்தால் ரூ.600 மிச்சமாகியிருக்கும்.

தொழில் வருமானம் இல்லாத, 60 வயது நிறைந்தவர்களுக்கு முன்கூட்டிய வரி கிடையாது. உங்களுக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை, வாடகை விவரத்தை அலுவலகத்தில் தெரிவித்தால் அதற்கான வரியையும் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள்.