மளிகைச் செலவை வைத்து ஒரு ஊரின் பொருளாதார நிலையைச் சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் எத்தனை ரூபாய்க்கு வாங்கினார்கள் என்பதை மட்டும் பார்த்தால் தலைகீழாகப் புரிந்துகொள்வீர்கள். "விற்பனைத் தொகை போதாதா, கடைக்காரரைக் கேட்டு என்ன தெரியப்போகிறது" என்று கேள்வியில் சேர்த்திருந்தீர்களே, அதனால்தான் எழுதுகிறேன். கல்லூரி ப்ராஜெக்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நிறைந்த பகுதியில் பத்தொன்பது வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இங்கே வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கடையில் நிற்க இடம் இருக்காது. அந்த வாரம் ஓவர்டைம் இருந்ததா இல்லையா என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்கிற எண்ணெய் பாக்கெட்டின் அளவே சொல்லிவிடும்.

2022 கோடையில் நூல் விலை தாறுமாறாக ஏறி, மே மாதம் இங்கே கம்பெனிகளை இரண்டு நாள் மூடிப் போராட்டம் நடத்தினார்கள். அதே சமயம் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து குறைந்தது. ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை வேறு நிறுத்தியது. எண்ணெய் லிட்டர் 200 ரூபாயை நெருங்கியது. மே கடைசியில் கணக்குப் போட்டால், ஜனவரியைவிட விற்பனைத் தொகை கூடியிருந்தது. அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் ஊர் செழிக்கிறது என்றுதான் எழுதுவார். என் கடையிலோ ஒரு லிட்டர் பாக்கெட் பெட்டி பிரிக்காமல் கிடந்தது, 200 மில்லி பாக்கெட் திங்கட்கிழமைக்குள் தீர்ந்தது.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை (தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது) செய்யும் ஒரு அக்கா வாடிக்கையாகத் துவரம்பருப்பு ஒரு கிலோ வாங்குவார். அந்தச் சனிக்கிழமை "கால் கிலோ போதுங்ணா, ஒரு ரசப்பொடி குடுங்க" என்றார். "ஒரு கிலோவே போட்டு நோட்டுல எழுதிக்கட்டுங்களா?" என்று கேட்டேன். "வேண்டாங்ணா, எழுதினா குடுக்கோணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டுப் பையைச் சுருட்டிக்கொண்டு போனார். அந்த மாதம் முழுக்க என் கடையில் ரசப்பொடி நன்றாக ஓடியது. பருப்புதான் ஓடவில்லை.

ஒரு கடையை வைத்து நாட்டைச் சொல்லாதே என்று யாராவது வருவார்கள். நான் நாட்டைச் சொல்லவில்லை. படித்தவர்கள் சொன்னதும் இதுதான். வருமானம் குறையக் குறையக் குடும்பச் செலவில் சாப்பாட்டின் பங்கு கூடும் என்று எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-லேயே காட்டிவிட்டார். முக்கியம் பங்குதான், தொகை அல்ல. நம் அரசின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கிராமப்புற இந்தியாவில் இந்தப் பங்கு 2011-12-ல் ஏறக்குறைய 53 சதவீதம், 2022-23-ல் 46 சதவீதம். 2023-24-ல் மறுபடி 47-க்கு ஏறியது. ஒரு சதவீதம்தானே என்று விடாதீர்கள், ஏன் ஏறியது என்று கேளுங்கள்.

ஊருக்கு ஊர் ஒப்பிடும்போது ரேஷனையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். ஒரே கம்பெனியில் ஒரே கூலி வாங்கும் இரண்டு பேரில் உள்ளூர்க்காரர் என்னிடம் அரிசி வாங்குவது குறைவு. ரேஷன் அட்டையை ஊரில் குடும்பத்திடம் விட்டுவிட்டு வந்த பீகார்க்காரர் அரிசி, ஆட்டா, கடுகெண்ணெய் எல்லாவற்றையும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். பில் பெரிதாக இருப்பதால் அவர் வசதியானவர் ஆகிவிடுவாரா?

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். ஏஜென்சிக்காரர் எனக்குப் போடும் விலையைவிடக் குறைத்துப் பெரிய கடைகளில் அதே சோப்பை விற்கிறார்கள். அந்த விலையை மொபைலில் காட்டி, பத்து வருடப் பழக்கமுள்ளவர்களே "ஏண்ணா இவ்வளவு வைக்கிறீங்க" என்று கேட்கும்போது வாய் அடைத்துப்போகிறது. கொள்முதல் பில்லை எடுத்துக் காட்டினாலும் நம்புவதில்லை. சம்பளம் வராத வாரத்தில் அவர்கள் வந்து நிற்பது என் கடையில்தான். அந்த வாரத்துக் கடன் எந்தக் கணக்கெடுப்பிலும் என் பெயரில் ஏறுவதில்லை.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். கடைக்காரர்களிடம் மாத விற்பனை எவ்வளவு என்று கேட்காதீர்கள், யாரும் உண்மை சொல்லப்போவதில்லை. எண்ணெயில், பருப்பில், டீத்தூளில் எந்த அளவு பாக்கெட் முதலில் தீர்கிறது என்று கேளுங்கள், கடன் நோட்டு எந்த மாதம் தடித்தது என்று கேளுங்கள். திருப்பூர்ப் பக்கம் வந்தால் என் நோட்டையே காட்டுகிறேன். பெயர்களை மட்டும் மறைத்துவிடுவேன்.