‘துபாய் செட்’ 32 ஆயிரம் மலிவு என்கிறார்கள், வாங்கலாமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “சாம்சங் எஸ்25 அல்ட்ரா வாங்க ஆசை. வெளியானபோது ஷோரூம் விலை 1,29,999 ரூபாய். தெரிந்த கடைக்காரர் ஒருவர் அதே மாடலை 98,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். துபாய் செட், சீல்டு பீஸ், இன்டர்நேஷனல் வாரண்டி, அது போக ஒரு வருடம் கடை வாரண்டியும் உண்டு என்கிறார். ஜிஎஸ்டி பில் மட்டும் கிடையாதாம். நம்பி வாங்கலாமா? இல்லை, சிங்கப்பூரில் இருக்கும் அக்கா பொங்கலுக்கு வரும்போது வாங்கி வரச் சொல்லட்டுமா?”

அந்தக் கடையில், அந்த நிபந்தனையில் வேண்டாம். அக்கா வாங்கி வருவது வேறு விஷயம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். துபாய் செட் என்றால் டூப்ளிகேட் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அதே கம்பெனி, அதே தரத்தில் வேறொரு நாட்டுச் சந்தைக்காகச் செய்த அசல் போன்தான் அது. விலை குறைவதற்குக் காரணம் வரி. இந்தியாவில் செல்போனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2020 ஏப்ரலுக்கு முன் 12 ஆக இருந்தது. வெளிநாட்டிலிருந்து முழு போனாக வந்தால் சுங்க வரி தனி, 2024 ஜூலை பட்ஜெட்டில்தான் அது 20-லிருந்து 15 சதவீதமாக இறங்கியது. துபாயில் வாட் வரி 5 சதவீதம்தான். போதாததற்கு அங்கே மொத்த வியாபாரிகளிடையே போட்டியும் அதிகம். அங்கே வாங்கி, நம் ஊர் பாஷையில் ‘குருவி’களின், அதாவது கூலிக்குச் சரக்கு கொண்டுவரும் பயணிகளின், பெட்டியில் வரி கட்டாமல் கொண்டுவந்தால் இடைவெளி முழுக்க லாபம். அதில் ஒரு பங்கு உங்களுக்குத் தள்ளுபடியாக வருகிறது. கடைக்காரர் பில் தர முடியாததன் காரணமும் இதுதான். கணக்கில் வராத சரக்குக்கு அவர் எப்படி பில் போடுவார்?

இனி அந்த ‘இன்டர்நேஷனல் வாரண்டி’. சாம்சங் செல்போனுக்குப் பொதுவாக எந்த நாட்டில் விற்றதோ அங்கேதான் வாரண்டி. துபாய்க்கான செட்டை இங்குள்ள சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் போனின் வரிசை எண்ணைப் போட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிடும். காசு கொடுத்தால் பழுது பார்ப்பார்கள், அதுவும் அந்த மாடலுக்கான உதிரி பாகம் இங்கே இருந்தால். ஐபோன் விஷயத்தில் ஆப்பிள் கொஞ்சம் தாராளம். வெளிநாட்டு ஐபோனை இங்கே வாரண்டியில் பார்த்துக் கொடுத்த அனுபவம் பலருக்கு உண்டு. ஆனால் ஆப்பிளின் வாரண்டி விதியிலேயே, ஐபோனுக்கான சேவையை விற்ற நாட்டோடு நிறுத்திக்கொள்ளும் உரிமையைக் கம்பெனி தன் கையில் வைத்திருக்கிறது. ஆக, கிடைத்தால் அது சலுகை, உரிமை இல்லை.

காகிதத்தில் எழுதிய வாரண்டி மட்டும்தான் போகிறது என்று நினைக்காதீர்கள். அமோலெட் திரையில் திடீரென்று பச்சைக் கோடு விழும் தொல்லை சில வருடங்களாக இந்தியாவில் பெரிய தலைவலி. வாரண்டி முடிந்த போன்களுக்கும் வந்ததால் சத்தம் பெரிதாகி, ஒன்பிளஸ் 2024 கடைசியில் இந்தியாவில் இதற்கு ஆயுள் வாரண்டி அறிவித்தது. சாம்சங்கும் சில பழைய எஸ் வரிசை மாடல்களுக்கு ஒருமுறை இலவசமாகத் திரை மாற்றித் தந்தது. இவையெல்லாம் இந்திய வாடிக்கையாளர்களின் புகாருக்காக இந்தியக் கிளை செய்த ஏற்பாடுகள். துபாய் செட் வைத்திருப்பவர் அந்த வரிசையில் போய் நிற்க முடியாது. கீழே விழுந்து உடைந்தாலும் ஈடு தரும் சாம்சங் கேர் பிளஸ் மாதிரித் திட்டங்களும் இந்தியாவில் விற்ற செட்டுக்குத்தான்.

கடை வாரண்டி? நல்ல கடைக்காரர் என்றால் ஸ்பீக்கர், சார்ஜிங் போர்ட் போன்ற சில்லறைப் பழுதுகளைச் செய்து கொடுத்துவிடுவார். மெயின் போர்டோ திரையோ போனால் கதை வேறு. அல்ட்ரா மாதிரி உச்ச மாடலின் திரை விலை 20 ஆயிரத்தை எளிதாகத் தாண்டும். உங்கள் போனில் அவருக்கு நின்ற லாபம் சில ஆயிரம்தான் இருக்கும். கைக்காசு போட்டு அவர் ஏன் மாற்றித் தர வேண்டும்? “தண்ணி போயிருக்கு சார், அதுக்கு வாரண்டி இல்ல” என்ற பதில் அங்கிருந்துதான் பிறக்கிறது. அப்படியே செய்தாலும் வெளிச்சந்தைத் திரையைப் போட்டுத் தருவார்கள். போனைப் பிரித்து ஒட்டிய பிறகு, தண்ணீர் புகாத தன்மையை மறந்துவிட வேண்டியதுதான்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதும் சுவாரசியமானது. வெளிநாட்டுச் சந்தைக்கான சாம்சங் பிரிண்டர்களை இங்கே இறக்கி விற்றவர்கள் மீது அந்தக் கம்பெனி வழக்குப் போட்டது. 2012-இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, அசல் பொருளை அப்படிக் கொண்டுவந்து விற்பது வணிகக் குறி சட்டப்படி தவறில்லை என்றது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது: இது இறக்குமதி சரக்கு, வாரண்டியும் விற்பனைக்குப் பிந்தைய சேவையும் கம்பெனி தராது, கடைதான் தரும் என்று வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். அதாவது முறையாக வரி கட்டி, பில் போட்டு, உண்மையைச் சொல்லி விற்பவருக்கு இடம் உண்டு. உங்கள் கடைக்காரர் வரியும் கட்டவில்லை, பில்லும் தரவில்லை, வாரண்டி பற்றிச் சொல்வதும் தலைகீழ்.

‘சீல்டு பீஸ்’ என்பதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. சாம்சங் 2013-இல் நோட் 3 வந்த காலம் தொட்டுப் பல நாட்டுச் செட்டுகளில் வட்டாரப் பூட்டு வைக்கிறது. அந்த வட்டாரத்து சிம்மைப் போட்டு மொத்தம் ஐந்து நிமிடம் பேசிய பிறகுதான் மற்ற நாட்டு சிம்மை ஏற்கும். பெட்டியிலேயே அதற்கு ஸ்டிக்கர் இருக்கும். அந்த ஸ்டிக்கர் இருந்து, சீலும் உடையாமல் இருந்தால் உங்கள் ஜியோ சிம் வேலை செய்யாது. வேலை செய்கிறதென்றால் யாரோ பிரித்து, அங்கேயே பேசி, மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். அதன் பெயர் ஆக்டிவேட்டட் பீஸ். மோசடி என்று சொல்ல மாட்டேன், ஆனால் பிரித்த பெட்டிக்குள் சார்ஜிங் கேபிளிலிருந்து போன் வரை எதை வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம்.

போன் கைக்கு வந்த பிறகு தினமும் உறுத்துவது மென்பொருள்தான். ஒவ்வொரு செட்டிலும் அது எந்த நாட்டுக்கானது என்ற குறியீடு பதிந்திருக்கும். சாம்சங்கில் இந்தியாவுக்கு ஐஎன்எஸ். அப்டேட் அந்தக் குறியீட்டின்படிதான் வரும். இந்திய செட்டில் அழைப்பைப் பதிவு செய்யும் வசதி உள்ளேயே இருக்கும், வேறு சில நாட்டுச் செட்டுகளில் இல்லாமல் போகலாம். 2022 அக்டோபரில் இங்கே 5ஜி தொடங்கியபோது, கையில் 5ஜி போன் இருந்தும் கம்பெனி இந்தியாவுக்கென்று அப்டேட் அனுப்பும் வரை பலருக்கு சிக்னல் வரவில்லை. வெளிநாட்டு மென்பொருள் என்றால் அடுத்த முறையும் அந்தக் காத்திருப்பு உங்களுக்குக் கூடுதலாக இருக்கும். ஜியோ வைத்திருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது, எல்லா அழைப்பும் வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே போகும் அழைப்புதான். அது அந்த மென்பொருளில் இயங்காவிட்டால் சாதாரணமாகப் பேசக்கூட முடியாது. 4ஜிக்கு பேண்ட் (அலைவரிசை) 3, 5, 40, 5ஜிக்கு என்28, என்78 ஆகியவை அந்த மாடலின் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மாடல் எண்ணின் கடைசி எழுத்தை மட்டும் பார்த்தாலே பாதி விஷயம் புரியும். எஸ்25 அல்ட்ராவில் எஸ்938பி என்றால் இந்தியா உட்படப் பல நாடுகளில் விற்கும் வகை. கடைசியில் ‘யு’ இருந்தால் அமெரிக்கா, ‘என்’ இருந்தால் கொரியா, எஸ்9380 என்றால் சீனா, ஹாங்காங் பக்கம். ‘பி’ தவிர மற்றதைத் தொடாதீர்கள்.

சாம்சங்கை விடுங்கள், சீனாவுக்கென்று தயாரான சியோமி, ஒன்பிளஸ், விவோ செட்டுகளை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை, பாதி விலைக்குக் கொடுத்தாலும் சரி. அவற்றில் சீன மென்பொருள் இருக்கும். அதை விற்க வசதியாக இடைத்தரகர்கள் போனைத் தொடங்கி வைக்கும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறந்து ‘குளோபல்’ மென்பொருளை ஏற்றிவிடுவார்கள். திறந்த பூட்லோடரைக் கண்டால் வங்கிச் செயலிகள் பல வேலை செய்ய மறுக்கும். படம் பார்க்கும் செயலிகளில் எச்டி தரம் போய் மங்கலாகத் தெரியலாம். ஒரு அப்டேட்டில் போன் செங்கல்லாக உறைந்து போனதும் உண்டு. அதைவிட, அந்த மென்பொருளுக்குள் யார் என்ன வைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வழியில் ஒட்டிக்கொண்ட ட்ரையாடா என்ற தீய நிரல் சில ஆண்ட்ராய்டு போன்களில் முன்கூட்டியே இருந்ததை 2019-இல் கூகுளே ஒப்புக்கொண்டது. யுபிஐ ஓடும் போனில் இந்த விளையாட்டு வேண்டாமே.

ஒருவேளை மனம் மாறி ஐபோன் பக்கம் போனால் வேறு சில கண்ணிகள். செட்டிங்ஸ் உள்ளே மாடல் எண்ணைப் பாருங்கள். முதல் எழுத்து ‘எம்’ என்றால் புதிது, ‘எஃப்’ என்றால் கம்பெனியே புதுப்பித்தது, ‘என்’ என்றால் பழுதுக்கு மாற்றாகக் கொடுத்தது. முடிவில் ‘எச்என்’ இருந்தால் இந்தியா, ‘எல்எல்’ அமெரிக்கா, ‘ஜே’ ஜப்பான். ஜப்பான் செட்டில், சைலன்ட்டில் போட்டாலும் கேமரா ஒவ்வொரு முறையும் ‘கிளிக்’ என்று கத்தலாம். கோவிலில், கல்யாணத்தில் நீங்களே தலையில் அடித்துக்கொள்வீர்கள். அமெரிக்க ஐபோனில் 14-ஆவது வரிசை முதலே சிம் போடும் துளை கிடையாது. ஐபோன் 17 வரிசையில் ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் செட்டுகளுக்கும் அதே கதி. ஜியோ, ஏர்டெல், வி மூன்றிலும் இசிம், அதாவது போனுக்குள்ளேயே பதிவாகும் சிம், கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் போன் செத்த அன்று சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டு ஓடிபி வாங்க முடியாது.

ஐபோன் செட்டிங்ஸில் ‘கேரியர் லாக்’ என்ற இடத்தில் சிம் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று இருக்க வேண்டும். கடையிலேயே முழுக்க ரீசெட் செய்து வைஃபையில் இணைத்து முதலிலிருந்து செட்டப் பண்ணுங்கள். இது ஏதோ ஒரு நிறுவனத்தின் மேலாண்மையில் உள்ளது என்று திரை சொன்னால், ஏதோ ஒரு அலுவலகம் தன் ஊழியருக்குக் கொடுத்த போன் அது. அந்த அலுவலகம் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் பூட்டும்.

எந்த போனாக இருந்தாலும் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் (போனின் தனி அடையாள எண்) பெட்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா பாருங்கள். கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எந்த மாடல், தடை செய்யப்பட்டதா, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள எண்ணா என்று பதில் வரும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதே வசதி உண்டு. இதில் பாஸ் ஆனால் வாரண்டி உண்டு என்று அர்த்தமில்லை, திருட்டு அல்லது போலி எண் இல்லை என்று மட்டும்தான். எண்ணைத் திருத்திய போன் என்றால் விலகி வாருங்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அது 3 வருடச் சிறை, 50 லட்சம் அபராதம் வரை போகக்கூடிய குற்றம்.

சரி, 32 ஆயிரம் மிச்சம் என்ற கணக்கைப் பார்ப்போம். வெளியீட்டு விலையோடு ஒப்பிடுவதே தவறு. அல்ட்ரா போன்கள் சில மாதங்களில் பண்டிகைக் கால விற்பனையில் நன்றாக இறங்கும். வங்கி அட்டைத் தள்ளுபடி, பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்ச் போனஸ் எல்லாம் சேர்த்தால் நிஜ இடைவெளி பாதியாகிவிடும். கடைக்காரரிடம் ரொக்கமாகக் கொடுப்பதால் வட்டியில்லா தவணையும் போகிறது. இரண்டு வருடம் கழித்து விற்கப் போனால் பில் இல்லாத செட்டுக்கு விலை குறைத்துத்தான் கேட்பார்கள். மீதி நிற்பது பத்துப் பதினைந்தாயிரம் என்றால், ஒரே ஒரு திரைப் பழுது அதை விழுங்கிவிடும். இடைவெளி நிஜமாகவே முப்பதாயிரத்துக்கு மேல், உடைந்தால் தாங்கும் வசதி உண்டு, ‘பி’ மாடல், கைப்பட எழுதிய பில் தருகிறார் என்றால் வாங்குபவரை நான் தடுக்க மாட்டேன். பில் இல்லாமல் மட்டும் வேண்டாம். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ஆனால் 1915 உதவி எண்ணில் புகார் சொல்லவோ, மாவட்ட ஆணையத்துக்குப் போகவோ, வாங்கியதற்கு ஆதாரம் கேட்பார்கள். ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவு ஒன்றாவது இருக்கட்டும். பில் தந்தால் அதில் ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்குகிறதா பாருங்கள், அது தமிழ்நாட்டுக்கானது. ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடைப் பெயர் வரும்.

அக்கா விஷயம். சிங்கப்பூர் அல்ட்ரா ‘பி’ வகைதான், ஐபோன் 17-க்கும் அங்கே சிம் துளை உண்டு. துபாயைவிட அது நமக்குத் தோதான சந்தை. ஆனால் விலையில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள், அங்கேயும் 9 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. சாங்கி விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறுவது சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும், அங்கே வேலை பார்ப்பவருக்குக் கிடைக்காது. சாம்சங்கின் சொந்தக் கடையிலோ பெரிய ஷோரூமிலோ வாங்கி, அங்கேயே அவருடைய சிம்மைப் போட்டு ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசிவிடச் சொல்லுங்கள், பூட்டு இருந்தால் திறந்துவிடும். வாரண்டி சிங்கப்பூரில் இருக்கும். பழுதானால் அவர் அடுத்த முறை போகும்போது கொண்டுபோய்க் கொடுக்கலாம், அந்தக் காத்திருப்பு உங்களுக்குச் சரி என்றால் இது நல்ல வழிதான். புது போனின் மதிப்பு சுங்கத்தின் இலவச வரம்பைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், புறப்படும் முன் அப்போதைய வரம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். பில்லைப் பெட்டிக்குள் போட்டு மறந்துவிடாமல் கைப்பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள், சுங்கத்தில் கேட்டால் எடுத்துக் காட்ட வசதியாக இருக்கும்.