வாசகர் கேள்வி – பதில்: சிபிகே சொல்வதும் கேஜ் சொல்வதும்

கேள்வி: 20.00 ± 0.03 மி.மீ. ஷாஃப்ட். சிபி 1.67 வருகிறது. ஆனாலும் அசெம்பிளியில் சில துண்டுகள் பெரிதாக இருப்பதாகத் திரும்பி வருகின்றன. கணக்கு தப்பா?

கணக்கு சரி, பார்த்த எண்தான் போதாது. சிபி (Cp, ப்ராசஸ் திறன் எண்) என்பது டாலரன்ஸின் (அளவுக்கு அனுமதித்த எல்லை) அகலத்தை ஆறு சிக்மாவால் வகுத்தது. சிக்மா என்பது அளவுகளின் சிதறல். உங்கள் சிக்மா 0.006 என்றால் 0.06 ÷ 0.036 = 1.67. இதில் சராசரி எங்கே நிற்கிறது என்ற பேச்சே இல்லை. சராசரி 20.012-இல் இருந்தால் மேல் எல்லைக்கு மிச்சம் 0.018 மட்டும். அதை மூன்று சிக்மாவால் (0.018) வகுத்தால் சிபிகே (Cpk, சராசரி நிற்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்கும் எண்) 1.00. அந்த நிலையில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் சற்று மேல் எல்லை தாண்டும்.

சிபி நன்றாக இருந்து சிபிகே மட்டும் படுத்தால் அது நல்ல செய்தி. மெஷினின் ஆஃப்செட்டை (அளவை மொத்தமாக நகர்த்தும் செட்டிங்) திருத்தினால் போதும். சிபியே குறைந்தால்தான் மெஷின், டூல், கிளாம்ப் என்று தேடிப்போக வேண்டும். அதிகம் விற்கப்படும் வைத்தியம் வேறொன்று: நல்ல துண்டாகப் பொறுக்கி எடுத்து மீண்டும் அளந்து ரிப்போர்ட் போடுவது. அதனால் அசெம்பிளிக்குப் போகும் துண்டு ஒரு மைக்ரான்கூடச் சிறுக்காது.

கேள்வி: மைக்ரோமீட்டருக்குக் கேலிபிரேஷன் சர்ட்டிபிகேட் காலாவதி ஆகவில்லை. பிறகு எதற்குக் கேஜ் ஆர் அண்ட் ஆர்?

கேலிபிரேஷன், கட்டுப்படுத்திய அறையில், தேர்ந்தவர் கையில், ஸ்லிப் கேஜை (அளவு துல்லியமாகத் தெரிந்த கட்டை) வைத்துப் பார்ப்பது. கருவி உண்மையான அளவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அது சொல்லும். உங்கள் லைனில் எண்ணெய் ஒட்டிய துண்டை, இரண்டாம் ஷிப்ட் ஆபரேட்டர், நின்றுகொண்டே அளக்கும்போது ரீடிங் எவ்வளவு சிதறும் என்று சொல்லாது. அதற்குத்தான் ஆர் அண்ட் ஆர்: பல பேர் அதே துண்டுகளைப் பலமுறை அளந்து ரீடிங்கின் சிதறலைக் கணக்கிடும் ஆய்வு.

கேள்வி: அதே ஷாஃப்டுக்கு ஆர் அண்ட் ஆர் செய்தோம். டாலரன்ஸை வைத்துப் பார்த்தால் 28 சதவீதம், மொத்தச் சிதறலை வைத்துப் பார்த்தால் 41 சதவீதம். எதை எடுத்துக்கொள்வது? எப்படிக் குறைப்பது?

நீங்கள் அனுப்பிய தாளில் 10 துண்டு, 3 ஆபரேட்டர், ஆளுக்கு 3 முறை, ஆக 90 ரீடிங். ஒரே ஆள் ஒரே துண்டை அளந்த மூன்று ரீடிங்குகளின் வீச்சு சராசரியாக 0.004. மூன்று முறைக்கான மாறிலி 0.5908-ஆல் பெருக்கினால் கருவிச் சிதறல் 0.00236. ஆபரேட்டர்களின் சராசரிகளில் பெரியதற்கும் சிறியதற்கும் வித்தியாசம் 0.003. மூன்று பேருக்கான 0.5231-ஆல் பெருக்கி, அதன் வர்க்கத்திலிருந்து கருவிச் சிதறலின் வர்க்கத்தில் முப்பதில் ஒரு பங்கைக் கழித்து மூலம் எடுத்தால் ஆள் சிதறல் 0.00151. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி மூலம் எடுத்தால் ஆர் அண்ட் ஆர் 0.0028. அதை ஆறால் பெருக்கி 0.06-ஆல் வகுத்தால் 28 சதவீதம். துண்டுக்குத் துண்டு சிதறல் 0.0063. அதையும் சேர்த்த மொத்தம் 0.0069. அதில் 0.0028 என்பது 41 சதவீதம்.

இரண்டும் சரி, கேள்விகள்தான் வேறு. துண்டை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிக்க மட்டும் அந்தக் கேஜ் என்றால் டாலரன்ஸ் சதவீதத்தைப் பாருங்கள். கன்ட்ரோல் சார்ட்டுக்கும் (உற்பத்தி நிலையாக ஓடுகிறதா என்று காட்டும் வரைபடம்) சிபிகேவுக்கும் அதே கேஜ் என்றால் 41-தான் உங்கள் எண். ஏ.ஐ.ஏ.ஜி. (அமெரிக்க வாகனத் தொழில் அமைப்பு) வழிகாட்டியின்படி 10 சதவீதத்துக்குக் கீழே நல்லது, 10 முதல் 30 வரை வேலையின் முக்கியத்துவத்தைப் பொறுத்து, 30-க்கு மேல் ஏற்கத்தக்கதல்ல. கேஜால் துண்டுகளை எத்தனை அளவுப் பிரிவுகளாகப் பிரித்தறிய முடியும் என்ற எண்ணிக்கை (1.41 × 0.0063 ÷ 0.0028) உங்களுக்கு 3, குறைந்தது 5 வேண்டும். சார்ட் போட இந்தக் கேஜ் இப்போதைக்கு உதவாது.

திருத்தத்தில் இறங்கும் முன் அந்த 10 துண்டுகளை எப்படி எடுத்தீர்கள் என்று பாருங்கள். ஒரே மணி நேரத்தில் அடுத்தடுத்து வந்தவை என்றால் துண்டுச் சிதறல் செயற்கையாகக் குறைந்து 41 வீங்கியிருக்கும். பல ஷிப்ட், பல நாள், டூல் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் என்று வழக்கமான உற்பத்தி முழுவதையும் அது தொட வேண்டும். சதவீதம் அழகாக வரட்டும் என்று ரிஜெக்ட் துண்டுகளைக் கலப்பது எதிர்ப்பக்கத் தப்பு.

இனி திருத்தம். வர்க்கக் கணக்கில் ஆர் அண்ட் ஆரின் 71 சதவீதம் கருவிச் சிதறல், மீதிதான் ஆள் சிதறல். அதனால் ஆபரேட்டருக்குப் பயிற்சி வைப்பது முதல் வேலையல்ல. ஷாஃப்டில் முதல் சந்தேகம் ஓவாலிட்டி, அதாவது துண்டு முழு வட்டமாக இல்லாமை. ஒவ்வொரு முறையும் வேறு கோணத்தில் பிடித்தால் துண்டின் கோணல் கருவியின் தலையில் விழும். மார்க்கரால் கோடு போட்டு, அதே இடத்தில், விளிம்பிலிருந்து அதே தூரத்தில் அளக்கச் சொல்லி ஆய்வை மீண்டும் செய்யுங்கள். எண் சட்டென்று இறங்கினால் குற்றவாளி துண்டு; ஓவாலிட்டியைத் தனியாகக் கவனியுங்கள். இறங்காவிட்டால் ஸ்பிண்டில் முகத்தின் தேய்மானம், ஸ்டாண்டின் ஆட்டம், ராட்செட் (அழுத்தத்தைச் சீராக வைக்கும் முனை) பயன்படுத்தாமல் திம்பிளை நேரடியாக முறுக்குவது ஆகியவற்றைப் பாருங்கள்.

இவை எல்லாம் செய்தும் போதவில்லை என்றால், மூன்று ரீடிங் எடுத்து அதன் சராசரியைப் பதிவது ஒரு வழி. கருவிச் சிதறல் 0.00136-க்கு இறங்கும், டாலரன்ஸ் சதவீதம் சுமார் 20 ஆகும். நேரம் செலவாகும், ஆனால் புதுக் கருவி வரும்வரை தாங்கும்.

ஆய்வு நடக்கும்போது துண்டு எண் ஆபரேட்டருக்குத் தெரியக் கூடாது, வரிசையைக் கலைத்துக் கொடுக்க வேண்டும், முந்தைய ரீடிங் கண்ணில் படக் கூடாது. எண் தெரிந்தால் இரண்டாம் முறை கை தானாக முதல் ரீடிங்கைத் தேடிப் போகும்.

கேள்வி: கேஜ் மோசமாக இருந்தால் சிபிகே கூடுதலாகக் காட்டுமா, குறைவாகவா?

சிதறல் மட்டும் இருந்தால் எப்போதும் குறைவாகவே. உண்மையான சிபி 1.33 என்று வையுங்கள்: கேஜ் டாலரன்ஸில் 10 சதவீதம் தின்றால் 1.32, 30 சதவீதம் தின்றால் 1.24, 50 என்றால் 1.11. கேஜில் ஒருபக்க விலகல் இருந்தால் சிபிகே கூடுதலாகவும் காட்டலாம், குறைவாகவும் காட்டலாம். லீஸ்ட் கவுண்ட் (கருவி படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) பெரிதாக இருப்பது இன்னும் ஆபத்து: 0.06 டாலரன்ஸுக்கு 0.02 வெர்னியரை எடுத்தால் ஐந்து துண்டும் ஒரே ரீடிங் காட்டி வீச்சு பூஜ்யமாகும். அதிலிருந்து வரும் சிக்மா சிறிதாகி, சிபிகே உயர்ந்துவிடும். டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்காவது படிக்க முடிய வேண்டும்.

கேள்வி: 30 துண்டில் சிபிகே 1.33 வந்தது. கஸ்டமருக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம், 1.33 என்று நம்பி உட்கார வேண்டாம். 30 துண்டில் 1.33 வந்தால், 95 சதவீத நம்பிக்கையில் உண்மை தோராயமாக 0.97 முதல் 1.69 வரை எங்கும் இருக்கலாம். 100 துண்டு என்றால் 1.13 முதல் 1.53. 125 துண்டை 5-5 ஆகப் பல ஷிப்டுகளில் எடுத்து, முதலில் கன்ட்ரோல் சார்ட் நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். சார்ட் நிலையில்லாமல் சிபிகே போட்டால் அந்த எண் நாளைக்குப் பொருந்தாது. ஒரே நேரத்தில் எடுத்த 30 துண்டு காட்டுவது குறுகிய காலச் சிதறலை மட்டும்தான். டூல் தேய்மானமும் மெட்டீரியல் பேட்ச் மாற்றமும் அதில் வராது. மொத்தச் சிதறலில் போடும் பிபிகேயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதென்றால் காலப்போக்கில் சராசரி நகர்கிறது.

தட்டைத்தன்மை போல ஒருபக்க எல்லை மட்டும் உள்ள அளவுக்குச் சிபி கேட்பதில் பொருளில்லை. அந்த அளவுகள் பெரும்பாலும் ஒருபக்கம் சாய்ந்தே பரவுவதால், ஹிஸ்டோகிராம் பார்க்காமல் வழக்கமான சூத்திரத்தையும் போடாதீர்கள்.

கேள்வி: கோ–நோ கோ கேஜுக்கு ஆர் அண்ட் ஆர் எப்படி?

இந்தக் கேஜ் துண்டு எல்லைக்குள் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். ரீடிங் இல்லாததால் தீர்ப்புகளின் ஒற்றுமையைத்தான் பார்க்க முடியும். 50 துண்டு, 3 பேர், 3 முறை. உண்மை அளவை நல்ல கருவியில் முன்பே அளந்து வையுங்கள். துண்டுகளில் கணிசமானவை எல்லைக்குப் பக்கத்தில், இருபுறமும் இருக்க வேண்டும். எல்லாமே தெளிவான நல்லதும் தெளிவான கெட்டதும் என்றால் யார் அளந்தாலும் நூற்றுக்கு நூறுதான். கப்பா மதிப்பு (தற்செயலான ஒற்றுமையைக் கழித்துப் பார்க்கும் ஒற்றுமை எண்) 0.75-க்கு மேல் இருந்தால் ஒற்றுமை நல்லது என்பார்கள். அதைவிட முக்கியம், கெட்டதை நல்லது என்று எத்தனை முறை விட்டார்கள் என்ற எண்ணிக்கை. அதைத் தனியாக எழுதி வையுங்கள்.

கேள்வி: அலுமினியத் துண்டு மெஷினிலிருந்து எடுத்ததும் ஓகே, கொஞ்ச நேரம் கழித்து சிறுத்துவிடுகிறது.

சூடு. 100 மி.மீ. அலுமினியம் 10 டிகிரி கூடினால் சுமார் 23 மைக்ரான் நீளும், எஃகு அதில் பாதி. அளவுகளுக்கான ஆதார வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். துண்டையும் கருவியையும் ஒரே சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து வெப்பம் சமமான பின் அளக்கவும். லைனிலேயே அளந்தாக வேண்டும் என்றால் அலுமினியத்திலேயே செட்டிங் மாஸ்டர் (அளவு தெரிந்த மாதிரித் துண்டு) செய்து, துண்டுக்குப் பக்கத்திலேயே வைத்து, ஜீரோவை அதில் எடுக்கவும்.