கெண்டை பெருப்பது எதனால்? தூண்டில்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரின் கட்டணக் குளங்களிலும் ஜோகூர்ப் பக்கத்துக் குளங்களிலும் கெண்டை பிடிக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள்.

சரவணன், ஈசூன்: அண்ணே, ஒரே நாள்ல விட்ட குஞ்சுதான். ஒரு குளத்துல ரெண்டு கிலோவோட நின்னுடுச்சு, இன்னொண்ணுல எட்டு கிலோ. தீனி வித்தியாசமா?

தீனி மட்டும் இல்லை தம்பி, அந்தத் தீனியை எத்தனை வாய் பங்கு போடுகிறது என்பதுதான் முதல் கணக்கு. கெண்டை சாகும்வரை வளரும். பருவம் வந்தபின் வேகம் குறையும், ஆனால் நிற்காது. நெருக்கமாக விட்ட குளத்தில் அதே மீன் எலும்பும் தலையுமாகக் குன்றிப்போகும்.

அடுத்தது அதன் உடல்வாகு. கெண்டைக்கு இரைப்பை கிடையாது. விழுங்கியது நேரே குடலுக்குப் போகும். ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்று கிடக்க முடியாது என்பதால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேயும். தொண்டைக்குள் கடைவாய்ப் பல் மாதிரித் தட்டையான பற்கள் இருப்பதால் நத்தையையும் நொறுக்கிவிடும். அடிச்சேற்றில் நத்தையும் செம்புழுவும் எப்போதும் கிடைக்கிற குளத்தில்தான் உண்மையான பெரிய மீன் உருவாகும்.

மூன்றாவது வெப்பம். 23 முதல் 30 டிகிரிவரை அதற்கு உகந்தது. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் தின்னாமல் கிடக்கும். நம் பக்கத்தில் ஆண்டு முழுக்க வளரலாம்.

இனத்தையும் மறக்கக் கூடாது. இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் 1952இல் ரிச்சர்ட் வாக்கர் பிடித்த கெண்டை 44 பவுண்டு, ஏறத்தாழ 20 கிலோ. 1934இல் விட்ட குஞ்சுகளில் ஒன்று அது. குளம் சிறியதுதான். ஆனால் வேகமாக வளரும் வளர்ப்பு இனம், விட்ட எண்ணிக்கையோ குறைவு. அந்த மீன் பிறகு லண்டன் விலங்குத் தோட்டத்தில் வாழ்ந்தது.

மாலதி, தெம்பனிஸ்: பெரிய மீனெல்லாம் பெண் மீனா?

பெரும்பாலும் ஆமாம். ஒரே வயதில் பெண் கூடுதலாக வளரும். சினை பிடித்திருக்கும் சமயத்தில் எடையும் ஏறும். எடையை வைத்து வயதைச் சொல்லாதீர்கள்: நல்ல குளத்து ஐந்து வயது மீன், நெருக்கடிக் குளத்துப் பத்து வயது மீனைவிடப் பெரிதாக இருக்கும். செதிலில் விழும் வளையத்தை எண்ணும் முறையும் குளிர்காலம் இல்லாத ஊரில் தெளிவாக வராது.

ரவி, உட்லண்ட்ஸ்: கட்லா, ரோகு, சாதா கெண்டை மூணும் ஒரே குளத்துல இருக்கு. தக்கையை எவ்வளவு ஆழத்துக்கு வைக்கணும்?

வாயைப் பாருங்கள். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும், மேல்மட்டத்து நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். அதற்குத் தக்கையிலிருந்து முள்ளுக்கு இரண்டு அடி போதும், உதிர்ந்து புகையாகப் பரவும் மாவு வேண்டும். ரோகு நடுமட்டம். மிர்கால் என்ற வகையும் சாதா கெண்டையும் அடியில் மேய்பவை, முள் தரையைத் தொட வேண்டும். அடியில் போடும்போது தக்கை அமுங்குவதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மீன் ஈயத்தைத் தூக்கினால் தக்கை மேலெழுந்து படுத்துவிடும். அதுவும் கடிதான், அப்போதே இழுக்கலாம்.

கணேசன், ஜூரோங்: வீசும்போதே மாவு பறந்துபோகுது.

பசை போதவில்லை. ரொட்டித்தூள் 200 கிராம், கேழ்வரகு மாவு 100 கிராம், வறுத்து இடித்த வேர்க்கடலை 100 கிராம், வெந்தயப் பொடி ஒரு தேக்கரண்டி, பெருங்காயம் ஒரு சிட்டிகை. எல்லாம் தேக்கா மளிகைக் கடைகளில் கிடைக்கும். கேழ்வரகு மாவை மட்டும் தனியாக வெந்நீரில் களியாகக் கிண்டி, சூட்டோடு மற்றதில் சேர்த்துப் பிசையுங்கள். பிடிப்பு அந்தக் களியில்தான் இருக்கிறது. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். ஓர் உருண்டையை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: ஐந்து நிமிடத்துக்குள் கரைந்தால் மைதா சேர்க்க வேண்டும், அரை மணி நேரமாகியும் கல்லாகக் கிடந்தால் ரொட்டித்தூள். நம் வெயிலில் மாவு சீக்கிரம் புளிக்கும். ஈரத்துணி போட்டு மூடி நிழலில் வையுங்கள்.

அதே கணேசன்: மீன் தொடுது, ஆனா மாட்டமாட்டேங்குது.

கெண்டை இரையைக் கடிப்பதில்லை. உறிஞ்சும், சந்தேகம் வந்தால் அப்படியே ஊதித் துப்பும். முள்ளை மாவுக்குள் புதைத்தால் துப்பும்போது மாவோடு முள்ளும் வெளியே வந்துவிடும். 1980 வாக்கில் இங்கிலாந்தில் லென்னி மிடில்டனும் கெவின் மேடக்ஸும் கண்ட வழி இதற்கு நல்லது: இரையை முள்ளில் குத்தாமல், முள்முடிச்சில் மிச்சம் விட்ட மெல்லிய நூலில் கோத்துத் தொங்கவிடுவது.

6 அல்லது 8ஆம் எண் முள் எடுங்கள். முள்வளைவுக்கும் இரைக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். முள்ளுக்கு மேலே 15 முதல் 20 சென்டிமீட்டர் நூல், அதன்பின் 60 முதல் 80 கிராம் ஈயம். முள் மட்டும் வெறுமையாக உள்ளே போகும், துப்பும்போது கீழுதட்டில் திரும்பிக் குத்தும், ஈயத்தின் கனம் அதை அழுத்தும். இதற்கு மாவைவிடக் கொண்டைக்கடலை சிறந்தது. 12 மணி நேரம் ஊறவைத்து, 20 நிமிடம் வேகவைத்து, தோல் உரியாமல் கோத்துக்கொள்ளுங்கள். வேகாத கடலையைப் போடவே கூடாது, மீனின் குடலில் ஊதி அதைக் கொன்றுவிடும். ரீலின் டிராக்கையும், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிப்பையும், தளர்த்தி வையுங்கள். இறுக்கி வைத்தால் கம்பே குளத்துக்குள் போய்விடும்.

ஃபரீதா, பிடோக்: நீர்த்தேக்கத்துல இந்த மாவைப் போடலாமா?

வேண்டாம். பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்த இடங்களில் மட்டுமே மீன்பிடிக்கலாம், அங்கேயும் செயற்கை இரைதான். கட்டணக் குளத்தில் வாங்கிய மீனையும் நீர்த்தேக்கத்தில் விடக் கூடாது, அது சட்டப்படி குற்றம்.

முருகேசன், செங்காங்: எங்க குளத்துல பெரிய மீனைத் திரும்ப விட்டா மறுநாள் செத்து மிதக்குது. முள்ளெல்லாம் சரியாத்தானே எடுக்கிறோம்?

முள் காரணமில்லை, களைப்புதான். 30 டிகிரி நீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம், 10 டிகிரி நீரில் 11க்கு மேல். நம் குளத்தில் நீண்டநேரம் போராடிய மீனுக்கு மூச்சுக்கு வழியில்லை. மெல்லிய தூண்டில் நரம்பில் அரைமணி நேரம் ஆட்டம் காட்டுவதை விட்டுவிட்டு, 7 கிலோ தாங்கும் நரம்பில் சீக்கிரம் கரைசேருங்கள். கையையும் மீனைக் கிடத்தும் பாயையும் நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள், உலர்ந்த கை வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். செவுளில் விரல்விட்டுத் தூக்காதீர்கள். ஒரு கை வாலடியிலும் ஒரு கை வயிற்றின் அடியிலும் இருக்கட்டும். படம் எடுப்பதற்குப் பத்து விநாடி போதும். பின் நீருக்குள் நிமிர்த்திப் பிடித்து, அதுவாகத் துடுப்பசைத்துப் போகும்வரை கையை எடுக்காதீர்கள். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதைக் கண்டால் அன்று தூண்டிலே போடாமல் குளக்காரரிடம் காற்றுப் பம்பைப் போடச் சொல்லுங்கள்.