இலவசம் வேறு, திறந்த வளம் வேறு: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

திறந்தநிலைக் கல்வி வளங்களை வகுப்பில் பயன்படுத்துவது பற்றி ஆசிரியர்கள் கேட்ட கேள்விகள் இவை. அறிவியல் வகுப்பில் பல வருடங்களாக இவற்றோடு புழங்கியதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: யூடியூபில் இலவசமாகத்தானே இருக்கிறது சார், இறக்கி வெட்டி ஒட்டிக்கொள்ளலாமா?

பார்க்கக் காசு கேட்கவில்லை என்பதற்காக, வெட்டும் உரிமையும் சேர்ந்து வந்துவிடாது. ‘எடுத்துக்கொள், மாற்று, பிறருக்கும் கொடு’ என்று படைத்தவரே உரிமத்தில் எழுதித் தந்திருந்தால்தான் அது திறந்த வளம். 2002இல் யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில்தான் ‘திறந்தநிலைக் கல்வி வளம்’ என்ற பெயரே பிறந்தது. அதே ஆண்டு டிசம்பரில், படைத்தவர்கள் இப்படி அனுமதி தருவதற்கான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களும் வந்தன. வீடியோவின் விவரப் பகுதியில் அந்த உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இணைப்பை மட்டும் கொடுங்கள்.

கேள்வி: கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் பி.ஒய்., எஸ்.ஏ., என்.சி., என்.டி. என்று எழுத்துகளாக இருக்கின்றன. எதைக் கவனிக்க வேண்டும்?

பி.ஒய். என்றால் படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். எஸ்.ஏ. என்றால் நீங்கள் மாற்றி வெளியிடுவதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். என்.சி. வணிகத்துக்கு ஆகாது. ஆசிரியருக்குக் கையைக் கட்டிப்போடுவது என்.டி.தான். மாற்றியதை வெளியிடக் கூடாது என்பது அது; மொழிபெயர்த்துக்கூட வெளியிட முடியாது. அதனால் தேடும்போதே என்.டி.யை ஒதுக்கிவிடுவேன்.

கேள்வி: ஐம்பது பிள்ளைகள், ஒரே லேப்டாப், ஒரே ப்ரொஜெக்டர். என்னதான் செய்ய முடியும்?

நிறைய செய்யலாம். ஆளுக்கொரு கருவி இருந்தால் பாடம் தானாக நடக்கும் என்பதை நான் நம்பவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்களில் (கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள்) மின்சுற்று ஒன்று இருக்கிறது. ஒரு பேட்டரி, ஒரு பல்பு வைத்து எரியவிடுங்கள். ‘இதே சுற்றில் இன்னொரு பல்பைத் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும்?’ என்று கேட்டு, எல்லோரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அதுவரை மவுஸைத் தொடாதீர்கள்.

முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும், மிச்சம்தான் இரண்டாவதுக்கு என்று பலர் எழுதுவார்கள். இணைத்துக் காட்டினால் இரண்டும் ஒரே அளவில் மங்கும். வகுப்பு ஒரு நொடி அமைதியாகிவிடும், பாருங்கள், பாடம் அங்கேதான் தொடங்குகிறது. அப்புறம் பக்க இணைப்புக்குப் போங்கள். எழுதச் சொல்லாமல் நேராகக் காட்டியிருந்தால் ‘ஆமாம் சார்’ என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

கேள்வி: பாடத்தின் நடுவில் நெட் போய்விடுகிறது.

எனக்கும் நடந்திருக்கிறது. ஒருநாள் நம்பி வைத்திருந்த பக்கம் திறக்கவே இல்லை, பாதி வகுப்பு வீணாகப் போனது. அன்றிலிருந்து முந்தின இரவே எல்லாம் பென் டிரைவில் ஏறிவிடும். ஃபெட்டின் இப்போதைய சிமுலேஷன்களை இறக்கிவைத்தால் நெட் இல்லாமலே பிரவுசரில் ஓடும். விக்கிப்பீடியாவுக்குக் கிவிக்ஸ் செயலி. பள்ளி முழுவதற்கும் வேண்டுமென்றால் கொலிப்ரி என்ற மென்பொருள்: ஒரு பழைய கணினியில் நிறுவினால், பள்ளிக்குள்ளேயே வைஃபை வழியாக மற்ற கருவிகள் பாடங்களை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: இலவசப் பாடங்களில் தவறு இருந்தால்?

இருக்கும். விலைக்கு வாங்கும் புத்தகத்திலும் இருக்கிறதே! இங்கே அடுத்த அச்சுக்குக் காத்திருக்காமல் நீங்களே திருத்தலாம், அதுதான் வசதி. ஆனால் வகுப்புக்குப் போகும் முன் ஒருமுறை முழுதாகப் படித்து, கணக்குகளைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு மூன்று இடங்களிலிருந்து எடுத்துக் கலக்கலாமா?

பி.ஒய். உரிமத்தில் இருப்பவை, என்.டி. தவிர, எதோடும் எளிதாகச் சேரும். பி.ஒய்.-எஸ்.ஏ., பி.ஒய்.-என்.சி.-எஸ்.ஏ. இரண்டையும் கலந்து புதிய பாடமாக ஆக்கி வெளியிட முடியாது. ஒவ்வொன்றும் அதே உரிமத்தைத்தான் கேட்கும். தனித்தனிப் பக்கங்களாக, அவரவர் உரிமத்தோடு ஒரே தொகுப்பில் வைக்கலாம்.

கேள்வி: நான் தயாரித்த பயிற்சித்தாளையும் வெளியிட ஆசை. எப்படி?

தாராளமாகச் செய்யுங்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் தலைப்பு, உங்கள் பெயர், உரிமம் மூன்றையும் எழுதுங்கள். பிறருடையதை எடுத்திருந்தால் அவர் பெயர், கிடைத்த இடம், உரிமம், நீங்கள் மாற்றியது என்ன என்பதும் வேண்டும். பி.டி.எஃப். மட்டும் போட்டால் அடுத்த ஆசிரியர் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தச் சிரமப்படுவார். திருத்தக்கூடிய கோப்பையும் சேர்த்துப் போடுங்கள். பிள்ளைகளின் முகமோ பெயரோ எங்காவது இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.